'டெஸ்டட் ஓகே' போதாது, எண்ணைச் சொல்லுங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள். ரேடியோ, எலக்ட்ரானிக்ஸ் பக்கமே போகாத சொந்தங்களும் பாதியில் விட்டுவிட வேண்டாம். உங்களுக்கும் பயன்படும் விஷயம் கடைசியில் இருக்கிறது.

பழைய சாமான் விற்கிறவர்கள் இப்போதெல்லாம் இரண்டே சொல் எழுதுகிறார்கள்: 'டெஸ்டட் ஓகே'. நம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒரு பொருளின் படத்தைப் போட்டு, விலையைப் போட்டு, கீழே இந்த இரண்டு சொல்லையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வாங்குகிறவரும் வேறு எதுவும் கேட்பதில்லை. இந்த இரண்டு சொற்களை நம் குழுவில் அடியோடு நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. விடையை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாதவனுக்கு நான் எத்தனை மதிப்பெண் போடுவேன் என்று உங்களுக்கே தெரியும். 'டெஸ்டட் ஓகே' என்பதும் வழிமுறை இல்லாத விடைதான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் பள்ளியில் படித்த தம்பி ஒருவன் அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கி, 1296 மெகாஹெர்ட்ஸில் பேச ஒரு நிலையம் அமைத்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு பாகமாக வாங்கினான். மொட்டை மாடியில் ஆண்டெனா, அதன் அடியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் 20 வாட் ஆம்ப்ளிஃபயரும் பழைய மைக்ரோவேவ் ரிலே ஒன்றும். ரிலேயை 'டெஸ்டட் ஓகே' என்று சொல்லித்தான் ஒருவர் விற்றிருக்கிறார். இவனும் வீட்டில் கரண்ட் கொடுத்துப் பார்த்தான், டக்கென்று சத்தம் வந்தது. காலையில் பேசினான், நன்றாக இருந்தது. சித்திரை மாத மதியம் நீண்ட நேரம் பேசி, பட்டனை விட்டு மறுபடியும் அழுத்தியபோது ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர் போய்விட்டது. "காலையில நல்லா இருந்துச்சு சார்" என்று போனில் சொன்னபோது அவன் குரலே சரியில்லை. மாதக் கணக்கில் சேர்த்த பணம் அல்லவா?

அந்த ரிலேயை என்னிடம் அனுப்பச் சொல்லி அளந்து பார்த்தேன். ரிலேயில் ஒரு பழுதும் இல்லை! விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவனும் சோதிக்காமல் போடவில்லை. இருந்தும் ஆம்ப்ளிஃபயர் போயிற்று. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சொந்தங்களுக்காக ரிலே என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டரில் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் அவ்வப்போது வருமே, அது ரிலேயின் சத்தம். உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கும். காயில் என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அந்தத் துண்டு சுவிட்சை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றும். ஆறாம் வகுப்பில் ஆணியில் கம்பி சுற்றி, பேட்டரி வைத்து, குண்டூசியைப் பொறுக்கினோமே, அதேதான்.

மைக்ரோவேவ் ரிலே என்றதும் சமையலறை ஓவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைச் சாதாரண ரிலே வழியாக அனுப்பினால் பாதி திரும்பி வரும், கொஞ்சம் பக்கத்து முனைக்குக் கசியும். அதனால் கோஆக்சியல் கேபிளின் அமைப்பையே உள்ளுக்குள்ளும் தொடர்ந்து, 50 ஓம் மாறாமல் கடைந்து செய்த ரிலேக்கள் தனியாக உண்டு. ஆண்டெனாவை ஒரு நேரம் ரிசீவருக்கும் மறு நேரம் டிரான்ஸ்மிட்டருக்கும் மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. புதிதாக வாங்கினால் விலை கையைச் சுடும். அதனால் உலகம் முழுவதும் அமெச்சூர்காரர்கள் பழையதைத்தான் தேடுகிறார்கள். கழற்றிப் போட்ட விமானக் கருவிகள், மைக்ரோவேவ் கோபுரங்கள், பழைய அளவீட்டுக் கருவிகள் இவற்றிலிருந்து அவை வருகின்றன.

அப்படி வருவதால்தான் அவற்றின் வோல்ட் நமக்குப் பழக்கமில்லாததாக இருக்கிறது. நம் மேசையில் இருப்பது 12 வோல்ட். விமானத்தில் 24 வோல்ட் பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்யும் 28 வோல்ட் லைனும் இருக்கும், அங்கிருந்து வந்த ரிலேயில் 28 என்று எழுதியிருக்கும். தொலைபேசி நிலையங்களில் 48 வோல்ட் வழக்கம். பல ரிலேக்களில் எழுத்தே அழிந்திருக்கும். இருந்தாலும் அது ஏதோ ஒரு கம்பெனியின் உள் எண்ணாக இருக்கும், இணையத்தில் தேடினாலும் கிடைக்காது.

இனி அந்தத் தம்பியின் ரிலேக்கு வருகிறேன். லேபிளில் 28 வோல்ட். என் அறையில் 30 டிகிரி இருந்தபோது காயிலின் மின்தடை 280 ஓம். ஓம் விதிப்படி 28-ஐ 280-ஆல் வகுத்தால் 0.1 ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர். வோல்ட்டைச் சுழியத்திலிருந்து மெதுவாக ஏற்றினேன். 17.5 வோல்ட்டில் ரிலே பிடித்தது. அப்போது ஓடிய மின்னோட்டம் 62.5 மில்லி ஆம்பியர். தம்பி கொடுத்திருந்தது பழைய லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட். 17.5 போதும் என்னும்போது 19 தாராளம்தானே என்று தோன்றும். காலையில் அது தாராளமாகத்தான் இருந்தது. 19-ஐ 280-ஆல் வகுத்தால் 68 மில்லி ஆம்பியர்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. இரும்பை இழுப்பது வோல்ட் அல்ல, மின்னோட்டம். காந்தத்துக்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை சுற்று, எத்தனை ஆம்பியர் என்பது மட்டுமே. வோல்ட் என்பது அந்த ஆம்பியரைத் தள்ளிவிடுகிற கை. எதிரே நிற்கும் மின்தடை கூடினால் அதே கை குறைவாகத்தான் தள்ளும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். மொட்டை மாடிப் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் 50 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் பேசியதில் காயில் தன் சூட்டில் இன்னும் 20 டிகிரி ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயில் இப்போது 70 டிகிரி. என் அறையைவிட 40 டிகிரி அதிகம். மின்தடை 280-லிருந்து சுமார் 324 ஓம் ஆகிவிடும். 19-ஐ 324-ஆல் வகுங்கள். 59 மில்லி ஆம்பியர்தான் வருகிறது. இந்த ரிலே பிடிக்க 62.5 வேண்டும்.

பேசிக்கொண்டிருந்தவரை ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இரும்புத் துண்டு ஒருமுறை வந்து ஒட்டிக்கொண்டால் இடையில் இருந்த காற்று இடைவெளி மறைந்துவிடும். அதன் பிறகு பிடித்து வைத்திருக்க மிகக் குறைந்த மின்னோட்டமே போதும். இந்த ரிலே 5 வோல்ட்டுக்கு இறங்கியபோதுதான் விட்டது, அப்போது 18 மில்லி ஆம்பியர். ஆகவே சூடான பிறகும் பிடித்தபடியே இருந்தது. பட்டனை விட்டதும் ரிலேயும் விட்டது. மறுபடி அழுத்தியபோது இழுக்கத் தெம்பில்லை. டிரான்ஸ்மிட்டரின் 20 வாட்டும் எங்கும் சேராத முனையில் மோதித் திரும்பி ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே போனது. இதில் மந்திரமும் இல்லை, விதியும் இல்லை. வகுத்தல் கணக்குதான்.

'பிடிக்கும் வோல்ட் 17.5, காயில் 280 ஓம், 30 டிகிரியில் அளந்தது' என்று விற்றவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால்? 19 வோல்ட்டுக்கும் 17.5-க்கும் இடையே ஒன்றரை வோல்ட்தான் இடம் இருக்கிறது என்று தம்பிக்கு அன்றே உறைத்திருக்கும். 24 வோல்ட் சப்ளை ஒன்றைத் தேடியிருப்பான். ஆம்ப்ளிஃபயர் இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும்.

சரி, பழைய ரிலேயை எப்படிச் சோதிக்க வேண்டும்? நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த சாதாரண இடைநிலை ஆசிரியன். அதனால் எல்லோரும் செய்யக்கூடிய வழியையே சொல்கிறேன். ஒரு மல்டிமீட்டர், வோல்ட்டையும் மின்னோட்ட வரம்பையும் திருகி மாற்றக்கூடிய ஒரு பவர் சப்ளை, ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

1. முதலில் கண்ணால் பாருங்கள். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை முனைகள், பிளஸ் மைனஸ் குறி உண்டா, காயில் முனை அருகே கருகல் உண்டா என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

2. மின்தடையை அளங்கள். மீட்டர் கம்பியை மாற்றிப் பிடித்து இன்னொரு முறை அளங்கள். டயோடு சோதிக்கும் நிலையிலும் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் என்றால் உள்ளே வெறும் காயிலாக இருக்கலாம். வேறு வேறு எண் என்றால் உள்ளே டயோடு இருக்கிறது. அப்படியானால் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் டயோடு நேரடி ஷார்ட் ஆகிவிடும். காயிலுக்கும் உலோக உடலுக்கும் இடையேயும் அளங்கள்.

3. லேபிள் வோல்ட்டை மின்தடையால் வகுத்து, எவ்வளவு மின்னோட்டம் வர வேண்டும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதுங்கள். சப்ளையின் மின்னோட்ட வரம்பை அதற்குச் சற்று மேலே வையுங்கள். பிறகு சுழியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். எந்த வோல்ட்டில், எந்த மின்னோட்டத்தில் பிடிக்கிறது? எழுதுங்கள்.

4. லேபிள் வோல்ட் வரை போய், மெதுவாக இறக்குங்கள். எங்கே விடுகிறது? எழுதுங்கள். சுழியம் வரை இறக்கியும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் அது வேறு வகை ரிலேயாக இருக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

5. மறுபடி லேபிள் வோல்ட் கொடுத்து 10 நிமிடம் விடுங்கள். மின்னோட்டத்தை மறுபடி எழுதுங்கள்.

இந்த ஐந்தாவதை யாருமே செய்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். தம்பியின் ரிலேயில் 28 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியராகத் தொடங்கியது 10 நிமிடத்தில் 85 ஆயிற்று. வோல்ட் மாறவில்லை, அப்படியானால் மின்தடை 329 ஓம் ஆகியிருக்கிறது. 280-க்கு 329 என்பது பதினேழரை சதவீதம் கூடுதல். 0.39-ஆல் வகுத்தால் 45 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாமல், உறையைத் திறக்காமல், உள்ளே இருக்கும் செம்புக் கம்பி எவ்வளவு சூடு ஏறியது என்று மின்னோட்டமே சொல்லிவிடுகிறது! இதைவிட அழகான செய்முறைப் பாடம் வேறு என்ன வேண்டும்?

28 வோல்ட்டும் 100 மில்லி ஆம்பியரும் சேர்ந்தால் 2.8 வாட். கட்டைவிரல் அளவு உலோகத்துக்குள் அது நல்ல சூடு. பிடித்த பிறகு குறைந்த மின்னோட்டமே போதும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதைப் பயன்படுத்தி, முதல் நொடி 28 வோல்ட் கொடுத்து இழுக்க வைத்து, பிறகு 12 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும் சுற்றைப் பலர் செய்கிறார்கள். 12-ல் 43 மில்லி ஆம்பியர், அரை வாட்தான். விடும் மின்னோட்டம் 18 என்று அளந்து தெரிந்தவர்கள் இதைத் தைரியமாகச் செய்யலாம். அளக்காதவர்கள் செய்யக்கூடாது.

இப்போது அந்த வேறு வகை. மின்னோட்டம் நின்றதும் ஸ்பிரிங்கால் பழைய இடத்துக்குத் திரும்புவது ஒரு வகை. மின்னோட்டம் நின்றாலும் உள்ளே இருக்கும் நிலைக்காந்தத்தால் மாறிய இடத்திலேயே நிற்பது இன்னொரு வகை. அதை லாட்சிங் ரிலே என்பார்கள். அதில் பெரும்பாலும் இரண்டு காயில் இருக்கும், ஒன்று இந்தப் பக்கம் தள்ள, மற்றொன்று அந்தப் பக்கம் தள்ள. ஒரு தட்டுத் தட்டினால் போதும், மின்னோட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும். தெரியாமல் தொடர்ந்து கொடுத்தால் காயில் கருகும்.

லேபிள் இல்லாவிட்டாலும் எண் நம்மை எச்சரிக்கும். சுண்டுவிரல் அளவு ரிலேயில் 28 வோல்ட் என்று எழுதி, காயில் 60 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 467 மில்லி ஆம்பியர், 13 வாட். சின்ன சாலிடரிங் அயர்ன் அளவு சூடு! அவ்வளவு சிறிய உடம்பு அதைத் தொடர்ந்து தாங்கவே முடியாது. ஆகவே இது தட்டிவிட்டு நிறுத்துகிற வகையாக இருக்க வேண்டும் என்று கரண்ட் கொடுப்பதற்கு முன்பே ஐயப்பட வேண்டும். வகுத்துப் பார்த்தவனுக்கு அந்த ஐயம் வரும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் உண்டு, நல்ல ரிலேக்கள் இதனால்தான் குப்பைக்குப் போகின்றன. சில லாட்சிங் ரிலேக்களில், மாறி முடித்ததும் தன் காயிலைத் தானே துண்டித்துக்கொள்ளும் சின்ன சுவிட்ச் உள்ளேயே வைத்திருப்பார்கள். அதில் மீட்டர் வைத்தால் ஒரு காயில் எண் காட்டும், மற்றது அறுந்துபோனது மாதிரி எதுவும் காட்டாது. 'ஒரு காயில் அவுட்' என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். எண் காட்டுகிற காயிலுக்கு ஒரு தட்டு கொடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இப்போது செத்தது என்று நினைத்தது எண் காட்டும், எண் காட்டியது மௌனமாகிவிடும். பழுது இல்லை, அதன் இயல்பே அது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை மக்கு என்று முடிவு கட்டுவதும் இதே மாதிரிதான். அவன் முறை இன்னும் வரவில்லை என்று யாரும் யோசிப்பதில்லை.

உள்ளே லாஜிக் சிப் வைத்த ரிலேக்களும் உண்டு. அவற்றில் மின்தடை அளந்தால் அர்த்தமில்லாத எண் வரும். முனைகள் எதற்கானவை என்று தெரியும்வரை கரண்ட் கொடுக்காமல் வைத்துவிடுவதே நல்லது.

காயிலை நிறுத்தும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடுகிற மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால், காயில் அதை விட மனமில்லாமல் எதிர்ப்பக்கமாக மிகப் பெரிய வோல்ட்டை எழுப்பும். 28 வோல்ட் காயிலிலிருந்து நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும். பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் 45 வோல்ட்தான் தாங்கும், 100 மில்லி ஆம்பியர்தான் ஓட்டும். தம்பியின் ரிலேக்கு அதைப் போட்டால் விளிம்பில் நிற்பது போல. பிடி139 மாதிரி கொஞ்சம் பெரியதைப் போட்டு, காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடையும் எதிர்த் திசையில் வையுங்கள். அர்டுயினோவின் பின்னிலிருந்து நேரடியாக ரிலேயை ஓட்டலாமா என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தான். ஊனோ போர்டின் பின் தாங்கும் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர். 100 கேட்கும் காயிலை அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள் என்றேன்.

ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விருந்து. காயிலோடு தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் மேல் வரும் மில்லி வோல்ட்டைப் பாருங்கள். மின்னோட்டம் மெல்ல வளைந்து ஏறும். நடுவில் சட்டென்று ஒரு சின்னப் பள்ளம் விழும், மறுபடி ஏறும். இரும்புத் துண்டு நகரும் கணம் அது. நகரும் இரும்பு காயிலில் எதிர் வோல்ட்டை எழுப்புவதால் வரும் பள்ளம். காயில் நன்றாக இருந்து, பள்ளம் மட்டும் விழாவிட்டால், துண்டு உள்ளே சிக்கியிருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், சிறிய ரிலேக்களின் டக் கேட்பதில்லை. கவலையில்லை, கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன்.

காயில் மின்னோட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. காந்தம் இழுத்தது, துண்டு நகர்ந்தது, அதுவரைதான் அது சொல்லும். அந்தப் பக்கம் தொடுமுனை தேய்ந்திருக்கிறதா, அழுக்கு படிந்திருக்கிறதா, 1296 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு இழக்கிறது, மூடிய பக்கத்துக்கு எவ்வளவு கசிகிறது என்பதையெல்லாம் நானோ விஎன்ஏ மாதிரி கருவி வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். காயில் பரீட்சையில் தேறியதால் தொடுமுனையும் தேறிவிட்டது என்று எழுதுவதும் பொய்ச் சான்றிதழ்தான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"28 வோல்ட் ரிலேக்கு 19 கொடுத்தது அவன் தப்பு சார், விற்றவர் என்ன செய்வார்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 28 கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் 28 வோல்ட் ரிலேயை 24-லும் அதற்குக் கீழேயும் ஓட்டுவது அமெச்சூர்காரர்களிடம் சர்வ சாதாரணம், அது விற்கிறவருக்கும் தெரியும். பாதுகாப்பாக எதுவரை இறங்கலாம் என்பதை அந்த ஒரு ரிலேயை அளந்தவரால்தான் சொல்ல முடியும். இருபது வருடம் ஓடிய ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று லேபிள் சொல்லாது.

"ஒரு ரிலேக்குக் கால் மணி நேரம் யார் செலவழிப்பது?" என்று விற்கிற தம்பி ஒருவர் கேட்டார். அவர் சிரமமும் எனக்குப் புரிகிறது. பெட்டி பெட்டியாக வைத்திருப்பவருக்கு அது பெரிய வேலைதான். முடியாவிட்டால் 'சோதிக்கவில்லை' என்று எழுதி விலையைக் குறைத்து விற்கட்டும். அதில் ஒரு கேவலமும் இல்லை. அது நேர்மையான வியாபாரம். சோதித்தேன் என்று எழுதினால் மட்டும் எண்ணையும் எழுத வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

"புதுசே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே?" என்பது மூன்றாவது. வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் நம் பிள்ளைகள் பலருக்குப் பழையது என்ற ஒரு வழிதான் உண்டு. அந்த வழியை நம்பகமாக்குவது நம் பொறுப்பு. பழையதைக் கண்மூடி நம்புவதும் தவறு, பழையது என்றாலே இளக்காரமாகப் பார்ப்பதும் தவறு. கேட்க வேண்டியதைக் கேட்டால் அது பதில் சொல்லும்.

இதில் எனக்கு ஒரு தொழில் பெருமையும் உண்டு, மறைக்கவில்லை. நாம் இத்தனை முறை வகுத்துப் பார்த்த விதியைத் தந்த ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அன்றைய பேட்டரிகள் நிலையாக நிற்காததால், இரண்டு உலோகங்களின் இணைப்பில் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தம் செய்து அளந்தார். 1827-ல் புத்தகமாக வெளியிட்டார். காயிலை வெட்டும்போது எழும் எதிர் வோல்ட்டை ஆராய்ந்து 1832-ல் எழுதிய ஜோசப் ஹென்றியும் அமெரிக்காவின் ஆல்பனி அகாடமியில் ஆசிரியர். மின்தடையின் அலகு ஓம், காயிலின் தூண்டல் அலகு ஹென்றி. ஒரு பழைய ரிலேக்குள் இரண்டு வாத்தியார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பள்ளிகளில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓம் விதியைக் கரும்பலகையில் மட்டும் நடத்தாதீர்கள். சாதாரண 12 வோல்ட் ரிலே ஒன்றும் ஒரு மீட்டரும் போதும். மைக்ரோவேவ் ரிலே வேண்டியதில்லை. மின்தடை, மின்காந்தம், வெப்ப விளைவு, தூண்டல் நான்கையும் ஒரே மேசையில் காட்டிவிடலாம். பிடிக்கும் வோல்ட்டும் விடும் வோல்ட்டும் ஏன் ஒன்றாக இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் வெற்றி.

சொந்தங்களே, உங்களுக்கான விஷயம் என்று சொன்னேனே, அது இதுதான். பழைய தண்ணீர் மோட்டார், பழைய ஃபிரிட்ஜ், பழைய பேட்டரி எது வாங்கினாலும் "நல்லா ஓடுதா?" என்று கேட்காதீர்கள். "ஓடுது" என்றுதான் பதில் வரும். "ஓடும்போது எத்தனை ஆம்பியர் எடுக்குது? அரை மணி நேரம் கழிச்சு எத்தனை?" என்று கேளுங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கிளாம்ப் மீட்டரோடு கூட்டிப் போங்கள். மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். விற்கிறவர் உங்களை இன்னொரு மாதிரி பார்ப்பார், விலையும் மரியாதையும் இரண்டும் சரியாகும்.

கடைசியாக, நம் குழுவுக்கு என் யோசனை. இனி ரிலே விற்பவரும் கொடுப்பவரும் ஒரு துண்டுச் சீட்டை அதன் மேல் ஒட்டிக் கொடுக்க வேண்டும். இப்படி:

காயில்: 280 ஓம் (30 டிகிரியில்)
உள்ளே டயோடு: இல்லை
வகை: ஸ்பிரிங்கால் திரும்புவது
பிடித்தது: 17.5 வோல்ட், 62.5 மில்லி ஆம்பியர்
விட்டது: 5 வோல்ட், 18 மில்லி ஆம்பியர்
28 வோல்ட்டில்: தொடக்கத்தில் 100, 10 நிமிடம் கழித்து 85 மில்லி ஆம்பியர்
தொடுமுனை: சோதிக்கவில்லை
அளந்தவர் பெயர், தேதி

எட்டு வரி. கடைசி வரிக்கு முந்திய வரியைப் பாருங்கள், சோதிக்காததையும் எழுதியிருக்கிறது. அந்த வரிதான் மற்ற வரிகளுக்கு மதிப்புக் கொடுக்கிறது. பெயரும் தேதியும் எழுதுவது ஏனென்றால், சொன்ன சொல்லுக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும்.

அந்தத் தம்பிக்குப் புது டிரான்சிஸ்டர் வாங்க நம் பிள்ளைகள் சிலர் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மனம் நிறைந்தது. ரிலேயை அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், மேலே உள்ள சீட்டை ஒட்டித்தான். 24 வோல்ட் சப்ளை போட்டுக்கொள்ளச் சொன்னேன். 24-ஐ 324-ஆல் வகுத்தால் 74 மில்லி ஆம்பியர். அதிலேயே ஓடும்போது காயில் இன்னும் கொஞ்சம் சூடாகும் என்றாலும், 62.5-க்கு மேலேயே நிற்கும்.

உங்கள் வீட்டில் பழைய ரிலே கிடந்தால் அளந்து, எண்களைப் பின்னூட்டத்தில் போடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துகிறேன். ஓய்வு பெற்றாலும் சிவப்புப் பேனா இன்னும் காயவில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் சார்